வாத்து பார்க்க வந்த காவல்காரர்

பெங்களூரில் கண் டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியே வந்ததும் அப்பு கேட்ட முதல் கேள்வி, "இங்கை நல்ல தேத்தண்ணி எங்கை கிடைக்கும்?" என்பதுதான். அப்பு என்றால் எங்கள் யாழ்ப்பாணத்தில் அப்பா. உத்தியோகக் காலம் முழுவதையும் கடற்கரை வெளிச்சவீடுகளில் காவலராகக் கழித்தவர். இந்தியாவில் அதைக் கலங்கரை விளக்கம் என்று அழகாகச் சொல்கிறார்கள். இரவில் கப்பல்களுக்கு விளக்கேற்றுவார். பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் கரைக்கு வரும் பறவைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா இருந்தவரை அதற்காகவே அவரோடு சண்டை போட்டாள்.

டாக்டர் சொன்னது இது. கண்ணுக்குள் நரம்பு வாடிக்கொண்டு வருகிறது. கத்தி வைத்தும் பயனில்லை. கொஞ்ச காலத்தில் வெளிச்சம்கூடத் தெரியாமல் போகும். அப்போதே கிட்டே இருப்பதுதான் அவருக்குத் தெரியும். ஒரு தென்னை உயரத்துக்கு அப்பால் எல்லாம் சாம்பல். உலக யுத்தம் முடிந்து வந்த முதல் தை மாதம் அது. பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டு, கப்பலுக்கும் ரயிலுக்கும் அல்லாடி, கடலைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்தது இதைக் கேட்கத்தானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவருக்கோ தேத்தண்ணி.

திரும்பும் ரயிலில் எதிர்ப் பலகையில் ஒரு கடலைக்காய் வியாபாரி. கம்பைநல்லூர்க்காரர். நல்ல தொந்தி, அதைவிட நல்ல சிரிப்பு. யார் கிடைத்தாலும் பறவைக் கதை சொல்லும் அப்பு அவரையும் விடவில்லை. எங்கள் கரைக்கு மாரியில் வரும் உள்ளான், ஆலா, பூநாரை எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்றார். இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்து. இளம் வயதில் ஒரு கப்பல் கப்டன் சொல்லக் கேட்டதிலிருந்து அவருக்கு அந்த ஏக்கம். அது எங்கள் ஊர்வரை வருவதில்லை.

வியாபாரி வாயில் போட்ட கடலையை மெல்வதை நிறுத்தினார். "தலையில கறுப்பா ரெண்டு கோடு போட்டிருக்குமே, அதுங்களா?"

அப்பு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க தர்மபுரி தாலுகாவுல, நாகமரைப் பக்கம், அணைத்தண்ணி கரையில மந்தை மந்தையா மேயுதுங்களே. போன வாரங்கூடப் பாத்தேன். மேட்டூர்ல அணை கட்டுனாங்களா, அதுக்கப்புறம் வர ஆரம்பிச்சதுங்க. தை மாசம் தண்ணி வடியும், சேறு வெளிய வரும், சனங்க அதுல வெள்ளாமை வெக்கும், இதுங்க வந்து எறங்கும்."

"பிள்ளை, நாங்கள் இறங்குவம்" என்றார் அப்பு.

கப்பல் இருக்கிறது, லீவு முடிகிறது, மாற்றுத் துணி இல்லை என்று நான் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் தன் தோல்பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதற்குள் இருப்பது பித்தளைத் தூரக்கண்ணாடி, அவர் ஓய்வு பெற்றபோது கிடைத்தது. பொம்மிடியில் வண்டி நின்றது. வியாபாரியும் அங்கேதான் இறங்கினார். நான் இறங்காமல் இருந்திருந்தால் அப்பு என்னோடு மிச்ச வழி முழுக்கப் பேசியிருக்க மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

பொம்மிடியில் பனி என்றால் பனி. மார்கழியில் கோயிலுக்குப் போகிற குளிர்தான் எனக்குத் தெரிந்த குளிர். இதுவோ மலையிலிருந்து இறங்கி வந்து காதுக்குள் புகுந்தது. ஸ்டேஷன் வாசலில் வெல்லக் காப்பி கொடுத்தார்கள். சர்க்கரைக்கு அங்கேயும் ரேஷன். காப்பி ஆறுவதற்குள் பஸ் வந்தது.

அது கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் ஓடவைத்தார்கள். யுத்தம் முடிந்தும் அடுப்பு போகவில்லை. ஒரு பையன் பின்னால் நின்று சக்கரம் சுற்றிக் காற்றடிக்க, நாங்கள் உள்ளே உட்கார்ந்து காய, கடைசியில் வண்டி இருமிக்கொண்டு நகர்ந்தது. முதல் ஏற்றத்திலேயே மூச்சு விட்டுவிட்டது.

"எல்லாரும் எறங்குங்க! பொம்பளைங்களும் எறங்குங்க! தள்ளுனாத்தான் போவும்!" என்றார் கண்டக்டர்.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினேன். அப்பு மட்டும் உள்ளே ராஜாபோல உட்கார்ந்து தோல்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். மேட்டின் உச்சிக்கு வந்தபோது என் முகத்தில் கண் தவிர மற்றதெல்லாம் கரி. எங்கள் ஊரில் ஓடும் தட்டிவான் பஸ்ஸைக் காலமெல்லாம் திட்டியிருக்கிறேன். அதனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

பஸ்ஸில் எங்கள் பின்னால் இரண்டு பெண்கள் கன்னடத்தில் குசுகுசுத்துக்கொண்டே வந்தார்கள். வியாபாரிக்குச் சிரிப்புத் தாளவில்லை. என்னவென்று கேட்டேன். "இந்தக் கிழவர் மலையாளத்து மந்திரவாதியாம். பெட்டிக்குள் குட்டிச்சாத்தானை அடைத்துக் கொண்டுபோகிறாராம்" என்று மொழிபெயர்த்தார். நாங்கள் பேசுவது மலையாளம் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அப்புவுக்குக் கோபம். திரும்பி உட்கார்ந்து, "நாங்கள் தமிழர் பிள்ளையள், சுத்தத் தமிழர்" என்றார். அதைக் கேட்டதும், மலையாளம்தான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

பாப்பாரப்பட்டியில் அன்று சந்தை. வியாபாரியின் பயணம் அதோடு முடிந்தது. மூட்டைகளுக்கு நடுவே நுழைந்து, மாட்டுவண்டியோடு நின்ற ஒருவரைக் கையோடு பிடித்துவந்தார். பெயர் பச்சியப்பன். நாகமரைக்குப் பக்கத்து ஊர். அந்த வாத்துகள் மேய்வதே அவர் காட்டில்தான், அதாவது வயலில்தான், என்றார் வியாபாரி. பிறகு எங்களை அறிமுகம் செய்துவைத்தார். அந்த வாக்கியத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"பச்சியப்பா, இவரு சிலோன்காரரு. அங்க கவருமெண்டுல பெரிய காவல்காரரா இருந்தவரு. உங்க ஊரு வாத்து பாக்கறதுக்குன்னே வந்திருக்காரு. நல்லாக் கவனிச்சுக்க."

பச்சியப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். வண்டியில் வைக்கோலை உதறிப் போட்டு, அதன்மேல் தன் கம்பளியை விரித்து, அப்புவைத் தூக்காத குறையாக ஏற்றினார். இவ்வளவு மரியாதையான ஊரா என்று நான் வியந்துபோனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். கடல்! சத்தியமாகக் கடல்தான். அக்கரை தெரியவில்லை. தண்ணீருக்கும் எங்களுக்கும் நடுவே வடிந்த சேற்றில் பச்சைப்பசேலென்று இளம் ராகிப் பயிர். ஒரு மனித நடமாட்டம் இல்லை. அப்பு மூக்கை நீட்டி இழுத்துப் பார்த்தார். "உப்பு மணம் இல்லை. ஆனால் கரைதான்" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

சந்தையிலிருந்து முன்னால் போனவர்கள் சொல்லியிருக்க வேண்டும், பச்சியப்பனின் மனைவி மாதம்மாள் வாசலுக்கே ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும். குரல் மட்டும் இரண்டு பேருக்குப் போதும்.

"வாங்க, வாங்க! வூட்டுக்குள்ள வாங்க! நீங்க வருவீங்கன்னு நெனைக்கவே இல்லீங்க. ஆபீசருங்க கிட்ட எத்தன வாட்டி சொல்லியிருப்போம்! துப்பாக்கி கேட்டோம், இல்லேன்னுட்டாங்க. ஆளாச்சும் அனுப்புங்கன்னோம். கடசீல சிலோன்ல இருந்தே ஆளு வந்துட்டுது!"

எனக்கு அவள் பேச்சில் பாதி பிடிபடவில்லை. களைப்பு வேறு. மரியாதைக்குத் தலையாட்டினேன்.

நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். பக்கத்தில் உருண்டை உருண்டையாகக் களி. அப்பு களியை ஒரு விள்ளல் வாயில் போட்டு மென்றார். மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். மாதம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "மெல்லக் கூடாதுங்க பெரியவரே, கொழம்புல பொரட்டி அப்படியே முழுங்கணும்!" விழுங்கிப் பார்த்துவிட்டு அப்பு, "எட, இது எங்கடை குரக்கனெல்லே!" என்றார். எங்கள் ஊரில் ராகிக்குப் பெயர் குரக்கன். பிட்டாகத் தின்று பழகிய சாமான் உருண்டையாக வந்ததில் அடையாளம் தெரியவில்லை. பிறகு ஒன்றுக்கு இரண்டு உருண்டை உள்ளே போனது.

சாப்பாடு முடிவதற்குள் ஊரில் பாதிப் பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பச்சியப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

"நாளைக்கு எத்தன பேரு வேணுங்க?"

"ஏன் ஆக்கள்? நானும் பிள்ளையும் காணும்" என்றார் அப்பு. போதும் என்பதைத்தான் நாங்கள் காணும் என்போம்.

"ரெண்டே பேரா!" என்று கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது.

"சாமான் ஏதாச்சும்?"

அப்பு பெட்டியைத் திறந்து தூரக்கண்ணாடியை வெளியே எடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் பித்தளை மின்னியது. "இதுக்குள்ளாலை பாத்தால் போதும்."

ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். பஸ்ஸிலிருந்த பெண்களின் பேச்சு எங்களுக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டதோ என்று பட்டது. அப்படியும் எனக்கு உறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மண்டு என்று திட்டுகிறவள் நான்.

விடியுமுன்பே அப்பு என்னை எழுப்பிவிட்டார். காற்றே அசையாத மூடுபனிக்குள் வரப்பில் மெல்ல நடந்தோம். முதலில் சத்தம்தான் வந்தது. மூக்கால் பேசிக்கொள்கிறமாதிரி ஒரு தணிந்த குரல், அதற்குப் பதிலாக இன்னொன்று, பிறகு பத்து. அப்பு அப்படியே நின்றார். பனி கொஞ்சம் விலகியதும் எனக்குத் தெரிந்தது. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, தலையின் பின்னால் கறுப்பாக இரண்டு வரி. ராகிப் பயிருக்குள் மந்தையாக நின்று புல்லறுப்பதுபோல அறுத்துக்கொண்டிருந்தன. அப்புவுக்கு அது சாம்பலுக்குள் சாம்பல். "இன்னும் கிட்டப் போவம். ஒருத்தரும் சத்தம் போடப்படாது" என்று காதுக்குள் சொன்னார். குனிந்தோம். ஓரடி வைத்தோம்.

எங்கள் முதுகுக்குப் பின்னால் ஊரே எழுந்தது.

சீமெண்ணெய் டின், தாம்பாளம், தப்பட்டை, அதற்கு மேல் "ஓ... ஓ... ஓய்!" என்ற கூச்சல். மாதம்மாள் முன்னால், ஊர் பின்னால். வரப்பெல்லாம் ஆள். வாத்துகள் ஒரேயடியாகத் திரும்பி, தண்ணீர்ப் பக்கமாகத் தாழப் பறந்து, பனிக்குள் போய்விட்டன. ஒன்றுகூட மிச்சமில்லை.

"என்ன நடந்தது பிள்ளை? ஆர் உது தகரம் அடிச்சது?" என்று கேட்டார் அப்பு. அவர் ஒன்றையும் பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள். மாதம்மாள் மூச்சிரைக்கச் சிரித்தபடி வந்து நின்றாள். "வூட்டுக்கு வந்த மனுசரை வேலை செய்ய வுட்டுட்டு நாங்க தூங்கறதாங்க? அதான் எல்லாரும் வந்துட்டோம். எப்படி, ஓட்டிட்டோமா?"

"உங்களை யார் ஓட்டச் சொன்னது? நாங்கள் பார்க்க வந்தோம், பார்க்க!" என்று கத்தினேன்.

"அதத்தானே நாங்களும் சொல்றோம். வாத்து பாக்கறதுக்குத்தானே வந்தீங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் பறவை பார்ப்பது என்றால் பறவையைப் பார்ப்பது. பயிருக்குப் பரண் கட்டிக் காவலிருக்கிற அந்த ஊரில் பறவை பார்ப்பது என்றால் பறவையை ஓட்டுவது. காடு பார்க்க, களம் பார்க்க என்று அவர்கள் சொல்வதெல்லாம் காவல்தான். போதாததற்கு வியாபாரி அப்புவைப் 'பெரிய காவல்காரர்' என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறார். கடலில் கப்பல் மோதாமல் காத்த மனிதர், ராகியில் வாத்து மேயாமல் காக்க சர்க்கார் அனுப்பிய ஆளாகிவிட்டார்.

நான் விஷயத்தைச் சொன்னதும் மாதம்மாளின் சிரிப்பு போய்விட்டது. இப்போது அவளுக்குக் கோபம்.

"சும்மா பாக்கறதுக்கா? பாத்து என்னா பண்ணுவீங்க? எங்க நெலமெல்லாம் இந்தத் தண்ணிக்குள்ள போயிட்டுது, தெரியுங்களா? வருசத்துல இந்த நாலு மாசந்தான் சேறு வெளிய வருது. இதுல ஒரு போகம் எடுத்தாத்தான் புள்ளைங்களுக்குக் களி. அதைத் திங்கறதைப் போயி வேடிக்கை பாக்கோணுமா?"

அவள் கோழிக்குழம்பு என் வயிற்றில் இருந்தது. அப்புதான் பேசினார். மெதுவாக, அவளுக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக.

"பிள்ளை, நீ சொல்லுறது முழுக்கச் சரி. எனக்குக் கண் போய்க்கொண்டிருக்குது. அடுத்த மாரிக்கு ஒண்டுமே தெரியாது. அதுக்கு முன்னம் இதை ஒருக்காப் பாக்கோணும் எண்டு ஆசைப்பட்டன். வேற ஒண்டுமில்லை."

மாதம்மாள் அவர் கண்களுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தாள். தள்ளிப்போய் ஆட்டினாள். பிறகு டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

மறுநாள் மாலைக்குள் பொம்மிடிக்குத் திரும்பாவிட்டால் எங்களுக்குக் கப்பல் இல்லை. பச்சியப்பன் மனசு கேட்காமல், தண்ணீரில் போய்த் தேடுவோம் என்று பரிசலை இறக்கினார். மூங்கில் கூடைக்குத் தோல் போர்த்துத் தார் பூசிய வட்டத் தோணி அது. எந்தக் கடலிலும் தலை சுற்றாத அப்புவுக்கு, அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போவதைத் தாங்க முடியவில்லை. காலையில் விழுங்கிய களி முழுவதும் வெளியே வந்துவிட்டது. "இது என்ன தோணி, முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை!" என்று அதட்டினார்.

ஆனால் எவ்வளவு அமைதி! துடுப்பு நனைகிற சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. பாறையொன்றில் நீர்நாய்க் குடும்பம் வெயில் காய்ந்தது. ஒரு குட்டி, மீனைக் கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளை கரும்பு தின்கிறமாதிரித் தின்றது. பரிசல் உரசுகிற தூரத்தில் அதைக் கடந்ததால் அப்புவும் பார்த்தார். சேற்றுத்திட்டில் ஒரு முதலை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதை நான் மட்டும் பார்த்தது போதும் என்று சொல்லாமல் விட்டேன். வாத்துகளும் இருந்தன, நடுத்தண்ணீரில், வெகு தூரத்தில். கிட்டே போகப்போக அவையும் நகர்ந்தன. அப்பு தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, திருகி, மறுபடி திருகி, கடைசியில் என்னிடம் நீட்டினார்.

"நீ பார். பாத்து எனக்குச் சொல்லு."

சொன்னேன். நிறம், கழுத்து, வரி எல்லாம் சொன்னேன். அவர் நல்ல பிள்ளைமாதிரிக் கேட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அன்று மாலை மாதம்மாள் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு விடியறப்ப அதுங்க மறுபடி வரும். ஓட்டாம இருக்க முடியாதுங்க. ஒரு நாளு வுட்டா ஒரு பாத்தியே போயிடும்."

வெளியே வாடைக்காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தபோது எனக்குச் சட்டென்று புத்தி வந்தது.

"ஓட்டு மாதம்மா. நன்றாக ஓட்டு. ஆனால் எந்தப் பக்கமிருந்து ஓட்டுவீர்கள்?"

"இதென்னா கேள்வி? ஊர்ப் பக்கமிருந்துதான். தண்ணிப் பக்கம் ஓடிப்போயிடும்."

"தண்ணீர்ப் பக்கமிருந்து ஓட்டினால்?"

கனத்த பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். இது எங்கள் கரையில் மீன் காயவைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். வாடை ஊர்ப் பக்கமிருந்து அடிக்கிறது. தண்ணீரிலிருந்து விரட்டினால் வாத்துகள் ஊர்ப் பக்கமாகத்தான் கிளம்பும். எழும்பின கையோடு தாழத்தான் வரும். ஊர்ப் பக்க வரப்பில் அப்பு நின்றால் அவர் தலைக்கு மேலே போகும். தென்னை உயரத்துக்குள்.

பச்சியப்பன் தலையைச் சொறிந்தார். "தண்ணிப் பக்கமிருந்து எவனும் ஓட்டுனதில்லீங்களே. பரிசல்ல போவணும். அதுங்க ஊருக்குள்ள பூந்துட்டா?"

"பூந்தா பூரட்டும்!" என்றாள் மாதம்மாள். "ஓடுனாச் சரி. எந்தப் பக்கம் ஓடுனா நமக்கென்னா? நான் போறேன் பரிசல்ல. டின்னு என்கிட்டயே இருக்கட்டும்."

விடியுமுன்பு ஊரிலுள்ள பரிசல்கள் எல்லாம் சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கின. ஒன்றை மட்டும் பச்சியப்பன் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து, வயலின் ஊர்ப் பக்க ஓரத்தில் குப்புறப் போட்டு, ஒரு கழியால் முட்டுக்கொடுத்தார். அதற்கடியில் நானும் அப்புவும் ஒளிந்துகொண்டோம். தார் வாடை, ஈர மண், முழங்காலில் சேறு. எங்களுக்கு எதிரே ராகிக்குள் அந்த மூக்குக் குரல்கள் பேசத் தொடங்கின. அப்புவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவர் சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அதனால் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

பனிக்குள் சாம்பல் வெளுத்தது. வாடை எங்கள் முதுகில் அடித்தது. தண்ணீர்ப் பக்கத்திலிருந்து மாதம்மாளின் குரல் முதலில் கிளம்பியது, அதன் பின்னால் அத்தனை டின்களும்.

"எழும்புங்கோ அப்பு!"

அவரை இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்து நிமிர்த்தினேன். எதிரே மந்தை முழுவதும் ஒரே மூச்சில் எழுந்தது. காற்றை முட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு, நேராக எங்களைப் பார்த்து வந்தது. ஈரச் சேலையை உதறுகிற சத்தம், நூறு பேர் சேர்ந்து உதறினால் எப்படி இருக்கும், அப்படி. எனக்குப் பயமாகிவிட்டது. குனியுங்கோ என்றேன். அவரா குனிவார்! முகத்தை மேலே தூக்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். முதல் வாத்து எங்களைக் கண்டு திடுக்கிட்டு மேலே வளைந்தது. பின்னால் வந்தவை எல்லாம் அதேமாதிரி வளைந்தன. எங்கள் தலைக்கு மேலே, கைக்கம்பு நீட்டினால் தொடலாம் போல, ஒன்றன்பின் ஒன்றாக, வந்துகொண்டே இருந்தன. ஒன்று தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. அதை நான் என் கண்ணால் கண்டேன்.

பிறகு ஊர்க் கூரைகளுக்கு மேலாக வளைந்து திரும்பி, வெகு உயரத்தில் அக்கரைப் பக்கமாகப் போய் மறைந்தன.

பரிசல்காரர்கள் பயிர் ஓரமாக ஓடி வந்தார்கள். மாதம்மாள் இடுப்புவரை நனைந்திருந்தாள். எங்களுக்கு முன்னால் வந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். டின்களெல்லாம் கையில் தொங்கின. யாருக்கும் கேட்கத் தைரியமில்லை. அவள்தான் கேட்டாள்.

"பெரியவரே... தெரிஞ்சுதுங்களா?"

அப்பு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவர் தோளில் வெள்ளையும் பச்சையுமாக எச்சம் வழிந்துகொண்டிருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டு வரி" என்றார். "மேல் வரி கண்ணுக்குக் கண் போகுது. கீழ் வரி சின்னன். கால் மஞ்சள். சொண்டும் மஞ்சள், நுனி மட்டும் கறுப்பு. கழுத்திலை வெள்ளைக் கோடு ஒண்டு இறங்குது, அதை அந்தக் கப்டன் எனக்குச் சொல்லேல்லை." தோளை அவளுக்குக் காட்டினார். "பார் பிள்ளை, இமயமலையிலை இருந்து வந்தது!"

மாதம்மாள் கிட்டே வந்து பார்த்தாள். "இமயமலையுமில்ல, ஒண்ணுமில்ல! அது பூரா என் ராகிங்க!"

ஊரே சிரித்து உருண்டது. பச்சியப்பன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பு சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். பெங்களூரிலிருந்து வந்த வழியெல்லாம் அவர் அப்படிச் சிரிக்கவில்லை. அம்மா போன பிறகே சிரித்தாரா என்பது எனக்கு நினைவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாதம்மாளின் கையிலிருந்த டின்னையும் கழியையும் வாங்கினார். அதைக் காற்றில் உயர்த்தி, காலைத் தூக்கி வைத்து, "ஓ... ஓ... ஓய்!" என்று கத்திக்கொண்டு அடிக்கத் தொடங்கினார். வானத்தில் ஒரு பறவை இல்லை, ஓட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. ஊரும் சேர்ந்து அடித்தது. நானும் தாம்பாளம் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன். அன்று அந்தக் கரையில் எல்லோரையும்விட அதிகச் சத்தம் போட்டவர் அப்புதான்.